வெள்ளிக்கிழமை எண்ணெய்

சண்டிலிப்பாயில் ஞானாம்பிகைக்குக் கால் போய்விட்டது என்று முதன்முதல் சொன்னது வேறு யாருமில்லை, ஞானாம்பிகையேதான். அவள் சொன்ன பிறகுதான் ஊர் சொன்னது. ஊருக்கென்ன, ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பாட்டை முடித்துவிடுவார்கள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் படலைக்கு வெளியே நின்று, "பாவம், மிதிச்சு மிதிச்சே மனுசிக்கு முழங்கால் தேஞ்சுபோச்சு" என்று கதைத்தார்கள். கதைத்துவிட்டு, அடுத்த கிழமை இன்னொரு பழஞ்சேலையைக் கொண்டுவந்து, "அவசரமில்லை அக்கா, பொங்கலுக்கு முதல் தந்தாக் காணும்" என்று வைத்துவிட்டும் போனார்கள். இரக்கமும் இருந்தது, தேவையும் இருந்தது. யாரைக் குறை சொல்வது?

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு தை மாதம். போரால் குடாநாட்டுக்குச் சாமான் வருவது தடைப்பட்டு மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. புதுத்துணியைக் கண்ணால் காண்பதே அரிது. பெட்டிக்குள் கிடந்த கலியாணச் சேலைகள் பிள்ளைகளின் பாவாடையாயின. தகப்பன்மாரின் வேட்டிகள் பள்ளிக்கூடச் சட்டையாயின. துணியே இல்லை, தையல்காரிக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் அவள் விறாந்தையில் வந்து குந்தியிருந்து பார்த்திருக்க வேண்டும். புதுத்துணி தைப்பது ஒரு வேலை. பழையதைப் பிரித்து, திருப்பி, நைந்த இடத்தை ஒதுக்கி, ஒட்டுப்போட்டுத் தைப்பது மூன்று வேலை. பழந்துணி தும்பு கொட்டும். ஊசி ஏறும் ஒவ்வொரு இடத்திலும் தூள் பறக்கும். பின்னேரம் எழும்பும்போது அவள் மடியெல்லாம் தும்பாக இருக்கும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரே மகன் ஜெர்மனியில். புருசன் மார்க்கண்டு புகையிலைத் தோட்டக்காரர். அதிகம் வாய் திறக்காத மனுசன், கொடுத்த வாக்கு மாறாத மனுசன். இரண்டும் நல்ல குணந்தான், ஆனால் இரண்டாலும் வீட்டுக்குச் சில நேரம் தலையிடி. தையல் மெசின், ஞானாம்பிகை கலியாணம் முடித்து வந்தபோது அவளோடு வண்டிலில் வந்த கால்மெசின். அன்று முன்விறாந்தையில் இறக்கி வைத்தது, அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளும் அசையவில்லை. ஊரில் அவளை மார்க்கண்டுவின் பெண்சாதி என்று யாரும் அடையாளம் சொல்வதில்லை. மார்க்கண்டுவைத்தான் "தையல்கார அக்கான்ரை அவர்" என்பார்கள். மனுசனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை இருந்திருக்கலாம், வெளியே காட்டியதில்லை.

கால் விசயத்துக்கு வருவோம். தடை வந்து நாலைந்து மாதம் இருக்கும், மிதிபலகை மெல்ல மெல்லப் பாரமாகத் தொடங்கியது. முதலில் அவளும் மெசினைத்தான் சந்தேகித்தாள். மெசின் எண்ணெய் எப்போதோ முடிந்துவிட்டது, கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். எண்ணெய் காய்ந்துதான் இறுகுகிறதோ என்று மேலே உள்ள எண்ணெய்த் துளைகளைக் குனிந்து பார்த்தாள். துளைகளில் எண்ணெய் மினுங்கியது. 'முந்தி விட்ட எண்ணெய் இன்னும் நிக்குது, நல்ல இரும்பு' என்று மெசினை மெச்சிக்கொண்டாள். மெசினில் பிழையில்லை என்றால் பிழை எங்கே? காலில். ஆடமாட்டாதவள் மேடை கோணல் என்றாளாம். இவள் அதற்கு நேர்மாறு: மேடையைக் கும்பிட்டுவிட்டுத் தன் காலைக் குறை சொன்னாள்.

அதன் பிறகு பரியாரியாரிடம் போனாள். அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, வாதம் என்றார், பூசுவதற்கு எண்ணெய் கொடுத்தார். பூசினாள். குளிர் காலத்தில் விடியற்புறம்தான் மோசம். மார்கழியில் மெசினில் குந்தினால் முதல் பத்துச் சுற்றுக்கும் கிணற்றிலிருந்து கல் இழுக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். குளிருக்கு வாதம் கூடும் என்று பரியாரியார் சொன்னது சரிதான் என்று நினைத்தாள். மத்தியானம் வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். அதற்குள் தொடையெல்லாம் நொந்து, நாரியும் பிடித்து, நிமிர முடியாமல், சோறு கறி சமைக்கக்கூட மனம் வராது. முன்பு ஒரு நாளில் முடித்த சட்டை இப்போது இரண்டு நாள் இழுத்தது. "கோதாரி விழுந்த கால்" என்று தன் முழங்காலில் தானே அடித்துக்கொள்வாள். மார்க்கண்டு தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு அவருடைய தங்கை பராசக்தி வந்திருந்தாள். கொழும்புத்துறையில் கலியாணம் முடித்தவள். புருசன் வெளிநாடு போகவென்று கிளாலித் துறையால் கடல்தாண்டிக் கொழும்புக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல், ஒரு சேதியும் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். தையல் வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்தாள், கை சுத்தம், ஆனால் மெசின் இல்லை; கையால் தைத்து எத்தனை வயிறு நிரப்புவது? அன்று ஞானாம்பிகை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெசினிலிருந்து எழும்புவதைப் பார்த்துத் தங்கைக்கு முகம் வாடிப்போனது. மார்க்கண்டு அந்த நேரம் பார்த்து வாய் திறந்தார்.

"மச்சாளாலை இனி ஏலாது பராசக்தி. தை பிறக்கட்டும், பட்டிப்பொங்கலும் கழியட்டும். மெசினை நீ கொண்டுபோ."

குசினிக்குள் நின்ற ஞானாம்பிகைக்கு அது கேட்டது. என்ன சொல்வது? கால் போனவளுக்கு மெசின் எதற்கு? 'விட்டது சனி, இனியாவது இருந்து சாப்பிடுவம்' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிக்க முன் கண் நிறைந்தது. அடுப்புப் புகையைச் சாட்டி ஒருபாட்டம் அழுதாள். மெசின் போனால் அவள் யார்? மார்க்கண்டுவின் கால் ஏலாத பெண்சாதி. அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்த நினைப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை, முழங்கால் நோவையெல்லாம் எப்படியோ தாங்கியிருந்தாள்.

பொங்கலுக்குத் தைக்க வேண்டியதை எல்லாம் ஒருமாதிரி இழுத்து முடித்துக் கொடுத்தாள். பட்டிப்பொங்கல் கழிந்தது. சந்தைக்குப் போய்வந்த மார்க்கண்டு ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் அளவு. அசல் மெசின் எண்ணெய்.

"பராசக்தி தந்துவிட்டவள். கிளாலியாலை வந்த ஆரிட்டையோ சொல்லி எடுப்பிச்சதாம். ஒருக்காத் துடைச்சு, உந்த எண்ணெயை விட்டு வைக்கட்டாம். நாளைக்குக் காலமை வண்டிலோடை வாறாளாம்."

சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஞானாம்பிகைக்கு அந்த மெசினை முழுக்கக் கழற்றித் துடைப்பது என்றால் பயம். முன்னொருகால், மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், பெல்ட் பூட்டியபடி, ஊசியும் நின்றபடி, துணியை இழுக்கிற பற்களுக்குள் சிக்கிய தும்பை விரலால் இழுத்தாள். கால் பழக்கதோசத்தில் மிதிபலகையை அமத்திவிட்டது. ஊசி நகத்தை ஊடுருவி மறுபக்கம் வந்தது. அது முதல் மேலுக்குத் துணியால் துடைப்பதோடு சரி. தடை வந்த பிறகு பயம் இரட்டிப்பானது: ஒரு திருகாணி தவறி எங்கேயாவது விழுந்தால் மாற்று வாங்க வழியில்லை. ஊசி ஒன்று முறிந்தாலே இழவு வீடு மாதிரி இருக்கும், திருகாணிக்கு எங்கே போவது?

ஆனால் வீட்டைவிட்டுப் போகிற பொருளை அழுக்கோடு அனுப்புவதா? பராசக்தி திறந்து பார்த்து, 'மச்சாள் இப்பிடியே வைச்சிருந்தவ' என்று நினைத்தால்? சீ, அந்தப் பேச்சு வேண்டாம். எழும்பினாள்.

இந்தமுறை விசர்த்தனம் பண்ணவில்லை. மெசினை விறாந்தையின் வெளிச்சமான பக்கம் திருப்பினாள். முதலில் ஊசியைக் கழற்றித் துணியில் குத்தி வைத்தாள். துணியை அமத்துகிற பாதத்தை உயர்த்தினாள். பிறகு பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றித் தொங்கவிட்டாள். இனி மிதிபலகையில் யானை ஏறி நின்றாலும் மேலே ஒன்றும் அசையாது. நூலை எடுக்கவென்று மேல்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தாள்.

சுற்றவில்லை.

இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தாள். முனகிக்கொண்டு அரைச் சுற்று வந்து நின்றது. பிசுக்குப் பிசுக்கென்று பாகுச் சட்டிக்குள் அகப்பை சுழல்கிற மாதிரி ஒரு இழுவை. ஞானாம்பிகை தன் கையைப் பார்த்தாள். தொங்குகிற பெல்ட்டைப் பார்த்தாள். கால் இதில் படவேயில்லையே. கைக்கு எப்படி முழங்கால் வாதம் வந்தது?

"சிவசிவா" என்றாள் சத்தமாக. கேட்க யாருமில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊசி இறங்கும் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, மறக்காமல் ஒரு சிரட்டைக்குள் போட்டாள். தகட்டைத் தூக்கினாள். அடியில் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பற்களைக் காணவில்லை. கம்பளித் துண்டு மாதிரி ஒரு அடை, அமத்தித் தைத்து வைத்தது போலக் கிடந்தது. அவசரத்தில் வாயால் ஊதினாள். ஊதினால் போகிற தூசி கண்ணுக்குள் வந்தது, போகாத தூசி இன்னும் உள்ளே போய்க் குந்திக்கொண்டது. எச்சில் ஈரம் பட்டால் இரும்பு கறள் பிடிக்கும் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஈர்க்கு ஒன்றைக் கூராகச் சீவி, அடையின் ஓரத்தை மெல்லக் கிளப்பி, உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமாக இழுத்தாள். ஒரே துண்டாக வந்தது. அடிநூல் இருக்கும் பொபின் கூட்டையும் கழற்றினாள். அதற்குள்ளும் அதே அடை. தலைப்பாகத்தைப் பின்னுக்குச் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தாள். ஐயோ, அதைச் சொல்லி என்ன! தண்டுகள் எல்லாம் மஞ்சளும் கறுப்புமாய்ப் பசை பிடித்து, அந்தப் பசையில் மூன்று வருடத்துத் தும்பு முழுக்க ஒட்டிக் கிடந்தது.

பசைக்கு ஈர்க்கு உதவாது. ஜாம் போத்தல் விளக்கில் இருந்த மண்ணெண்ணெயைத் தட்டில் ஊற்றினாள். அந்தக் கிழமைக்கு வெளிச்சம் அவ்வளவுதான், போகட்டும். அடுப்பில் நெருப்பு இல்லை என்பதை ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். துணி நுனியை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு தண்டாக, ஒவ்வொரு மூட்டாக உரோஞ்சினாள். துணி புகாத இடத்துக்குத் தூரிகை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே தூரிகை மார்க்கண்டு முகச்சவரத்துக்குச் சவர்க்காரம் பூசுவது. சவர்க்காரமே இல்லாத நாட்டில் அது சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

அந்த அடையை எறிய முன் ஒருமுறை விரலால் பிய்த்துப் பார்த்தாள். பழந்துணித் தும்பு, நூல் தூசி, அதற்கிடையே கறுப்புக் கறுப்பாய்த் துணிக்கைகள். மெசினுக்குள் கரி ஏது? நசுக்கினாள், விரல் கறுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தேங்காயெண்ணெய் சிக்குப் பிடித்த மணம், அதோடு திரி எரிந்த மணம். அந்த மணம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுச் சாமியறை மணம்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போவாள். வீட்டில் விளக்கேற்றுவது மார்க்கண்டு. வேறு யார்?

எல்லாவற்றையும் காயத் துடைத்து, பூட்டி, பராசக்தியின் போத்தலில் இருந்து துளைக்கு ஒரு துளி விட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, மிஞ்சியதை ஒற்றி எடுத்து, கடைசியாகத்தான் ஊசியையும் பெல்ட்டையும் போட்டாள். கந்தல் துண்டொன்றை வைத்து மிதித்தாள். மெசின் பறந்தது. கால் நினைக்க முன் சக்கரம் சுற்றியது. கந்தலின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை, திருப்பி, மறுபடியும், சும்மா, ஒரு காரணமும் இல்லாமல் தைத்துக்கொண்டே இருந்தாள். முழங்கால் நோகவில்லை. சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கோபம் வந்தது. மூன்று வருடம்! மூன்று வருடம் இந்தக் காலை என்ன பேச்சுப் பேசியிருப்பாள்! வயது போய்விட்டது, உடம்பு விட்டுவிட்டது, இனி என்ன இருந்தென்ன என்று எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்!

பொழுதுபட மார்க்கண்டு வந்து கால் கழுவினார்.

"இஞ்சருங்கோ, மெசினுக்கு எண்ணெய் விட்டனீங்களோ?"

மனுசன் பிடிபட்ட கள்ளன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். ஞானாம்பிகை அவர் அப்படிச் சிரித்துப் பார்த்துக் கனகாலம்.

"கண்டுபிடிச்சிட்டீரே? ஓம், மெசின் எண்ணெய் முடிஞ்ச நாளிலையிருந்து வெள்ளிக்கு வெள்ளி விட்டனான். விளக்கிலை மிஞ்சின எண்ணெயைக் காலிலை மிதிபடுற இடத்திலை ஊத்தப்படாதெண்டு அம்மா சொல்லுறவ. எங்கை ஊத்துறது? மெசினும் லட்சுமிதானே. நீரும் மிதிக்கேலாமல் கஷ்டப்படுறீர். கொஞ்சமெண்டாலும் இளகட்டுமெண்டு விட்டன்."

சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. இரக்கத்தாலா என்றால் பாதி இரக்கம், மீதி அலுப்பு. முழுநாளும் குனிந்து துடைத்தவளுக்கு இனி ஒரு சண்டைக்குத் தெம்பில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னாள்: "என்ரை காலுக்கு ஒண்டுமில்லை போலை. மெசின் இப்ப நல்லா ஓடுது. குடுக்காமல் விடுவமே?"

மார்க்கண்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆசை விடாதுதான். எனக்கு விளங்குது. இண்டைக்கு ஓடும், நாளைக்கு முழங்கால் வீங்கும். நான் பராசக்திக்குச் சொல்லிப்போட்டன் ஞானம். புருசன் இல்லாமல் நிக்கிறவளுக்குச் சொன்ன சொல்லை என்னெண்டு மாத்துறது?"

காலமை வெயில் ஏற முன்பே வண்டில் வந்துவிட்டது. பராசக்தி தலையெல்லாம் தெருப்புழுதியோடு இறங்கினாள். வண்டில்காரன் சிமியோன் கொழும்புத்துறை ஆள். மாட்டை அவிழ்க்காமலே, "கெதியா ஏத்துவம் அக்கா, வெயிலுக்கு முதல் திரும்பவேணும்" என்றான். பராசக்தி மெசினைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோனாள். நேரே போய்க் குந்தி, முந்தானை நுனியை மடித்து வைத்து மிதித்தாள். அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு கையைத் தூக்கிவிட்டாள்.

"என்ன மச்சாள் இது, பஞ்சு மாதிரிப் போகுது! உந்த மெசினையே உங்களாலை மிதிக்கேலாமல் போச்சு?" குனிந்து மச்சாளின் முழங்காலைப் பார்த்தாள். "கடவுளே, கால் அவ்வளவுக்கோ பழுதாப்போச்சு? எனக்குத் தெரியாமல் போச்சே."

"நேற்று ஒரு கதை சொன்னவ, கால் சுகமாம்" என்றார் மார்க்கண்டு, பக்கத்தில் நின்று, அன்பாகத்தான். "பாவம், விட மனமில்லை."

இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாகக் கிடக்கிற ஆளைப் பார்க்கிற பார்வை. ஞானாம்பிகைக்கு உள்ளே எங்கேயோ ஒன்று அறுந்தது.

"என்ரை காலுக்கு ஒண்டுமில்லை! ஒருநாளும் ஒண்டும் இருக்கேல்லை. மெசின்தான் அடைச்சுக் கிடந்தது. தும்பும் பசையுமாய்ச் சட்டி நிறைய வந்தது, நேற்றுத்தான் எடுத்தன். பராசக்தி, கோவிக்காதை. மெசினை நான் தரமாட்டன்."

மெசின் நின்றது. பராசக்தி காலை எடுத்துவிட்டாள்.

"இவ்வளவு காலமும் துடைக்காமலே வைச்சிருந்தனீங்கள்?"

மார்க்கண்டு நின்ற பக்கம் ஞானாம்பிகை திரும்பவில்லை. "ஓம். நான்தான் துடைக்கேல்லை. ஊசிக்குப் பயத்திலை திறக்கேல்லை. என்ரை பிழை."

அது பொய்யும் அல்ல.

பராசக்தி எழும்பவில்லை. முந்தானையைத் தையலிலிருந்து விடுவித்து, விரலால் நீவி நீவிப் பார்த்தாள். நேரான தையல். பேசியபோது முகத்தை நிமிர்த்தியே பேசினாள்.

"மச்சாள், உங்கடை கால் சுகமெண்டு கேட்டு எனக்குச் சந்தோசம் வரேல்லை. ஏலாமலே இருந்திருக்கலாமெண்டுதான் மனம் சொல்லுது. நான் இப்பிடியொரு மனுசியெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"என்னைக் கேள்" என்றாள் ஞானாம்பிகை. "நேற்று மெசின் ஓடத் தொடங்கின உடனை, உன்ரை நினைப்பே எனக்கு வரேல்லை. உன்ரை எண்ணெயைத்தான் விட்டனான், அப்பிடியிருந்தும் வரேல்லை. பிள்ளையளின்ரை நினைப்பும் வரேல்லை. நீ மட்டுமில்லையடி."

பராசக்தி அழுதாள். ஞானாம்பிகை பக்கத்தில் போய் நின்றாள், ஆனால் தொடவில்லை. தொட்டால் கை தட்டிவிடப்படும் என்று பட்டது. "இஞ்சை வந்து நில்லன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. விடியத்துக்கு நான் தைக்கிறன், மத்தியானத்துக்குப் பிறகு மெசின் உனக்கு. வாற துணியையும் பாதி எடு" என்றாள். பராசக்தி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கேட்கவேண்டும், மாமியாரைக் கேட்கவேண்டும் என்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வண்டிலில் ஏறினாள். சிமியோன் ஏற்றக் கொண்டுவந்த கயிற்றை மறுபடி சுருட்டிக்கொண்டு மாட்டைத் திருப்பினான். மெசின் ஏறாத வண்டிலுக்குச் சத்தம் கூடுதல். சந்தி திரும்பும்வரை கேட்டது.

வண்டில் போனபிறகு மார்க்கண்டு பொரிந்தார். அவருக்கு அவ்வளவு பேச்சு வரும் என்று அந்த வீட்டுக்கே தெரியாது. "என்ரை சொல்லைக் கெடுத்துப்போட்டீர். கூடப் பிறந்தவள் வெறுங்கையோடை போறாள். கொழும்புத்துறையிலையிருந்து வண்டில் பிடிச்சு வந்தவள்! நான் வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் விட்டும், நீர் ஒருக்காத் திறந்து துடைச்சிருந்தா இந்த மானக்கேடு வருமே?"

"எண்ணெய்தான் அடைச்சது" என்றாள் ஞானாம்பிகை.

"என்ன?"

"உங்கடை எண்ணெய்தான். தேங்காயெண்ணெய் மெசினுக்கு விடுறதில்லை. தும்போடை சேர்ந்து பசையாப் போகும், குளிருக்கு உறையும். திரிக்கரியும் உள்ளை கிடந்தது. ஒவ்வொரு வெள்ளியும் நீங்கள் விட விட அது இறுகிப்போச்சு. நானும் துளையிலை எண்ணெய் மினுங்குறதைப் பார்த்துப்போட்டு, மெசின் சுகம், கால்தான் பழுதெண்டு இருந்திட்டன்."

மார்க்கண்டு மெசினைப் பார்த்தார். சுவரில் கைவைத்தார்.

"உந்தக் கதையை ஏன் அவளுக்கு முன்னாலை சொல்லேல்லை?"

"அவளுக்குப் புருசன் எங்கையெண்டு தெரியாது. இண்டைக்கு மெசினும் இல்லை. அண்ணை மட்டுந்தான் மிச்சம். அதையும் நானோ எடுக்கிறது?"

அவர் கட்டுத்தறியில் கட்டின மாடு மாதிரி அந்த இடத்திலேயே நின்றார். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம் போய்க்கொண்டிருந்தது, அதுவும் ஞாபகம் இல்லை. பிறகு வந்து, அவளுக்கு எதிரே நிலத்தில் குந்தினார்.

"அப்ப மூண்டு வருசமா உம்மடை காலிலை பாரம் கட்டினது நானே, ஞானம்?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணத்தோடுதானே செய்தீர்கள், விடுங்கோ என்றாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனமும் இருந்தது. ஆனால் அந்த மூன்று வருடமும் அவள் காலில்தான் இருந்தது, அவர் காலில் அல்ல.

"ஓம்" என்றாள்.